இன்வெர்ட்டர் பேட்டரியில் கூமுட்டை நாற்றம்: வீட்டில் இதைப் பத்திரமாகக் கையாள்வது எப்படி?

கேள்வி: சாளைக்காரி (காங்கேயம் பக்கம்)

அனைவருக்கும் வணக்கம். காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகும் வழியில் எங்கள் தோட்டம் இருக்கிறது. அங்குள்ள சாளையில் (தோட்டத்து வீட்டில்) இன்வெர்ட்டர் வைத்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்து, மாடிப்படிக்கு அடியில் கதவு போட்ட சின்ன அறையில் வைத்திருக்கிறோம். சென்ற ஆண்டு அவற்றில் ஒன்று கெட்டுப் போனதால் அதை மட்டும் மாற்றிப் புதியது போட்டோம். மற்றொன்று ஏழு ஆண்டுகளுக்கு முன் வாங்கிய அதே பேட்டரிதான்.

சென்ற வியாழக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. கரண்ட் வந்த பின், இரவு பத்து மணி வாக்கில் அந்த அறைப் பக்கம் போனபோது கூமுட்டை உடைத்தது போல நாற்றம் அடித்தது. கதவைத் திறந்து பார்த்தால், பழைய பேட்டரியின் பக்கச் சுவர் சற்று உப்பியிருந்தது. கையை அருகில் கொண்டு போனாலே சூடு தெரிந்தது. உள்ளே சோறு கொதிப்பது போன்ற சத்தமும் கேட்டது. "தண்ணி வத்தியிருக்கும், ஊத்தினாச் செரியாப் போயிரும்" என்று சொல்லிக்கொண்டு மாமனார் பேட்டரித் தண்ணீர் கேனுடன் வந்தார். எனக்குப் பயமாக இருந்ததால் அவரைத் தடுத்துவிட்டு, இன்வெர்ட்டரின் முகப்பில் இருக்கும் சுவிட்சை அணைத்தேன். ஆனால் 'சார்ஜிங்' விளக்கு எரிந்துகொண்டேதான் இருந்தது. பிறகு வெளித் திண்ணையில் உள்ள பெட்டியில் அந்த லைனுக்கான பிரேக்கரை இறக்கியதும்தான் அது அணைந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் போடவில்லை.

அந்த அறைக் கதவுக்கு இரண்டு முழம் தள்ளிச் சுவரில் விளக்கு மாடம் இருக்கிறது. அத்தை அந்தி சாய்ந்ததும் அதில்தான் தீபம் வைப்பார். வீட்டில் மூன்று வயதிலும் ஆறு வயதிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில் மாமனார் கட்டியிருந்த வேட்டி, துவைத்து எடுத்த பின் ஊசியால் குத்தியது போலச் சிறு சிறு ஓட்டைகளோடு வருகிறது. போதாக்குறைக்கு, சென்ற ஆண்டு கழற்றிய பேட்டரி கட்டுத்தரைக்குப் பின்னால் கிடக்கிறது. பழைய இரும்பு வாங்க வந்தவர், ஆசிட்டைக் காலி செய்து வைத்தால் எடை போட்டு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் அன்று செய்தது சரிதானா, மறுபடியும் இப்படி ஆனால் என்ன செய்ய வேண்டும், தண்ணீர் ஊற்றும்போதும் கழற்றும்போதும் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பேட்டரிக் கடை, கோபி

அம்மிணி, மாமனாரைத் தடுத்தீர்களே, அன்று செய்தவற்றிலேயே முக்கியமானது அதுதான். பிரேக்கரை இறக்கியதும் சரி. முகப்பு சுவிட்சை அணைத்தால் இன்வெர்ட்டர் வீட்டுக்குக் கரண்ட் கொடுப்பதைத்தான் நிறுத்தும். மெயின் கரண்ட் உள்ளே வந்துகொண்டிருக்கும்வரை பல இன்வெர்ட்டர்கள் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டேதான் இருக்கும். ஆகவே இப்படிப்பட்ட நேரத்தில் முதலில் மெயினை நிறுத்த வேண்டும், பிறகுதான் முகப்பு சுவிட்ச்.

அடுத்து செய்யக் கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நாற்றமும் கொதிப்பும் இருக்கும்போது டெர்மினலில் கை வைக்காதீர்கள். ஓடிப் போய் வயரைப் பிடுங்கத்தான் மனம் சொல்லும், ஆனால் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் பேட்டரியில் வயரை எடுத்தால் அந்த இடத்தில் பொறி பறக்கும். பேட்டரியின் தலைக்கு மேல் அப்போது எளிதில் வெடிக்கும் ஹைட்ரஜன் வாயு நிற்கிறது. அந்த அறைக்குள் இருக்கும் லைட் சுவிட்சையும் போடவோ அணைக்கவோ வேண்டாம். அதிலும் சிறு பொறி உண்டு. வெளியிலிருந்து மெயினை நிறுத்தி, கதவு சன்னல்களைத் திறந்துவிட்டு, குழந்தைகளை அப்பால் அழைத்துக்கொண்டு போய், பேட்டரி முழுவதும் ஆறும்வரை விட்டுவிடுங்கள். 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள பொருள் அது, ஒரு மணி நேரத்தில் ஆறிவிடாது. மறுநாள் காலையில் பார்ப்பதே நல்லது.

காரணம் என்னவென்று நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. ஒரு 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள் (செல்கள்), ஒவ்வொன்றும் சுமார் 2 வோல்ட். இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்தால் 12 அறைகள். சார்ஜர் இந்தப் பன்னிரண்டையும் தனித்தனியாகப் பார்ப்பதில்லை, மொத்தத்தைத்தான் பார்க்கும். 28.8 வோல்ட் வரை ஏற்ற வேண்டும் என்று அதில் அமைத்திருந்தால், பன்னிரண்டு அறைகளுக்கும் பிரிந்து அறைக்கு 2.4 வோல்ட் வரும். பழைய பேட்டரியில் ஓர் அறை உள்ளுக்குள் ஷார்ட் ஆகிச் செத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 28.8 வோல்ட் பதினொரு அறைகளின் தலையில் விழும், அறைக்கு 2.6 வோல்ட்டுக்கு மேல். சார்ஜருக்கு 'நிறைந்தது' என்ற அறிகுறியே கிடைக்காததால் அது ஆம்பியரைக் குறைக்காமல் தள்ளிக்கொண்டே இருக்கும். தண்ணீர் கொதித்து வற்றும், சூடு ஏறும், பெட்டி உப்பும், கடைசியில் நாற்றம் வரும். புது பேட்டரிக்கும் இந்தத் தண்டனை உண்டு. பழையதையும் புதியதையும் ஜோடி சேர்க்கக் கூடாது என்று கடைக்காரர்கள் சொன்னால், வியாபாரத்துக்காகச் சொல்கிறார்கள் என்று வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையான காரணம் இதுதான்.

இனி தண்ணீர் ஊற்றுவது. பேட்டரியில் குறைவது ஆசிட் அல்ல, தண்ணீர் மட்டுமே. ஆகவே ஆசிட்டை எந்நாளும் சேர்க்கக் கூடாது, டிஸ்டில்டு வாட்டர் மட்டும்தான். நம் ஊர் போர்த் தண்ணீரின் உப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கோயம்புத்தூர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் சிறுவாணித் தண்ணீராகவே இருந்தாலும் குடிக்கத்தான் ஆகும், பேட்டரிக்கு ஆகாது. ஏசி மிஷினிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் தூசியும் உலோகத் துகளும் கலந்திருக்கும், வேண்டாம்.

சார்ஜ் முழுவதும் ஏறி, மெயினை நிறுத்தி, ஒரு மணி நேரம் ஆறவிட்ட பிறகு ஊற்றுவதே முறை. சார்ஜ் ஏறும்போது உள்ளே இருக்கும் திரவம் விரிந்து மேலே எழும்பும். முன்பே நிரப்பி வைத்தால் ஆசிட்டாக வெளியே வழிந்துவிடும். தகடு வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், தகடு மூழ்கும்வரை முதலில் ஊற்றி, சார்ஜ் ஏற்றி ஆறிய பின் மீதியை நிரப்ப வேண்டும். மிதவையில் உள்ள மேல் கோடுதான் எல்லை. பிளாஸ்டிக் புனல் போதும், தகரப் புனல் கூடாது. இரவு நேரத்தில் அளவு தெரியவில்லை என்று தீக்குச்சி கிழித்துப் பார்ப்பவர்களைப் பற்றிப் பல்லடத்து நண்பர் இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். அவருக்கு அனுபவம் உண்டு.

கழற்றும்போது கையில் உள்ள மோதிரம், காப்பு, கடிகாரம் அனைத்தையும் எடுத்து வைத்துவிட வேண்டும். கழுத்துச் சங்கிலி தொங்கினால் அதையும் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் கையைத் தொட்டால் ஷாக் அடிக்காது என்பதால் எல்லோருக்கும் ஓர் அசட்டுத் துணிச்சல் வந்துவிடுகிறது. ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் இரண்டு டெர்மினலுக்கும் குறுக்கே ஓர் இரும்பு விழுந்தால் ஆயிரம் ஆம்பியருக்கு மேலும் பாயக்கூடும், அது வெல்டிங் மிஷினைவிடப் பல மடங்கு. தொழில் பழகிய காலத்தில் என் மோதிரம் பாசிட்டிவ் டெர்மினலிலும் ஸ்பேனர் நெகட்டிவிலும் ஒரே நொடியில் பட்டன. ஸ்பேனரை உதறினேன், ஆனால் மோதிரம் அதற்குள் பழுத்துவிட்டது. சோப்புப் போட்டும் கழலவில்லை, வெட்டித்தான் எடுத்தார்கள். இடது கை மோதிர விரலைச் சுற்றி இன்றும் மோதிரம் போட்டது போலவே வெள்ளை வடு இருக்கிறது. என்னிடம் வேலை பழகும் பையன்களுக்கு முதல் நாள் அந்த விரலைத்தான் காட்டுகிறேன்.

ஸ்பேனரின் பிடியில் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றாகச் சுற்றி, முனை மட்டும் வெளியே தெரியுமாறு வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். கார், டிராக்டர், லாரி ஆகியவற்றில் வண்டியின் உடம்பு முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருப்பதால், பாசிட்டிவை முதலில் கழற்றப் போய் ஸ்பேனர் பாடியில் உரசினால் அங்கேயே ஷார்ட் ஆகிவிடும். நெகட்டிவை முதலில் எடுத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை. வீட்டு இன்வெர்ட்டரில் அத்தகைய பாடித் தொடர்பு இல்லாவிட்டாலும் கைக்கு ஒரே பழக்கம் இருப்பது நல்லது. டெர்மினலில் வெள்ளையாகவோ நீலப் பச்சையாகவோ பூத்திருந்தால் உலர்ந்த பிரஷ் கொண்டு தேய்க்காதீர்கள், வாயால் ஊதவும் ஊதாதீர்கள். அதில் ஈயத்தின் உப்பு இருக்கிறது. ஆப்ப சோடா கரைத்த நீரில் துணியை நனைத்துத் துடைத்து, நல்ல நீரில் நனைத்த துணியால் மறுபடி துடைத்து, காய்ந்த பின் வாசலின் தடவிவிடுங்கள்.

பேட்டரியை ஹைட்ரோமீட்டர் (திரவத்தின் அடர்த்தியைக் காட்டும் கருவி) வைத்து அறை அறையாகப் பாருங்கள். அளவை இங்கே எழுதினால் மேற்கொண்டு சொல்கிறேன். அதுவரை இன்வெர்ட்டர் நின்றே இருக்கட்டும்.

பதில் 2: வேதியியல் ஆசிரியர், பணி ஓய்வு (ஈரோடு)

கோபி நண்பர் செய்முறையை நன்றாகவே சொல்லிவிட்டார். அந்தச் சிறிய அறையைப் பற்றி மட்டும் ஒரு கணக்குப் போட்டுக் காட்ட விரும்புகிறேன்.

பேட்டரி நிறைந்த பின்னும் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால், அந்த மின்சாரம் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதில் செலவாகிறது. ஓர் அறையில் ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் இவ்வாறு பாய்ந்தால் சுமார் 0.42 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும். 12 அறைகளில் 10 ஆம்பியர் ஒரு மணி நேரம் பாய்ந்தால் ஏறக்குறைய 50 லிட்டர். காற்றில் நூற்றுக்கு 4 பங்கு ஹைட்ரஜன் கலந்தாலே அது வெடிக்கும் தன்மையைப் பெற்றுவிடுகிறது, 75 பங்கு வரை அத்தன்மை நீடிக்கும். 50 லிட்டர் ஹைட்ரஜன் 1,250 லிட்டர் காற்றை அந்த 4 பங்கு நிலைக்குக் கொண்டுவரும். ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒன்றேகால் மீட்டர் உயரம் உள்ள இடத்தின் கொள்ளளவு 1,250 லிட்டர்தான். மாடிப்படிக்குக் கீழே கதவு போட்டு அடைத்த இடம் பெரும்பாலும் அவ்வளவே இருக்கும்.

ஹைட்ரஜன் காற்றைவிட மிக இலேசானது. அறையின் மேல் மூலையில், படிக்கட்டின் அடிப்பகுதியில் போய்த் தங்கிக்கொள்ளும். ஆகவே கதவின் கீழ்ப்பகுதியில் துளை போட்டுவிட்டால் போதும் என்று எண்ணக் கூடாது. மேலே ஒரு திறப்பும் கீழே ஒரு திறப்பும் இருந்தால்தான் கீழிருந்து புதுக் காற்று புகுந்து மேலே இருப்பதைத் தள்ளும். அதைப் பற்றவைக்கத் தேவைப்படும் பொறி மிகமிகச் சிறியது. பாலியஸ்டர் துணி உரசி எழும் நிலைமின் பொறி கூடப் போதும். விளக்கு மாடத்தை நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது. பேட்டரியையோ தீபத்தையோ இரண்டில் ஒன்றை இன்றே இடம் மாற்றுங்கள். சாளையில் காற்றோட்டமான தாழ்வாரம் இருக்குமே, மழைச் சாரல் படாத, பிள்ளைகள் கைக்கு எட்டாத ஓர் ஓரத்தில் கம்பி வலைக் கூண்டுக்குள் வைக்கலாம்.

ஹைட்ரஜனுக்கு மணம் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். நீங்கள் முகர்ந்த கூமுட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு. பேட்டரி அளவு மீறிச் சூடேறும்போது அமிலத்தில் உள்ள கந்தகத்திலிருந்து உண்டாவது, நஞ்சு. மிகக் குறைந்த அளவிலேயே மூக்கு அதைக் கண்டுகொள்ளும், ஆனால் அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். "இப்போது நாற்றம் இல்லை" என்று ஒருவர் அடைத்த அறைக்குள் நின்றுகொண்டு சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

வேட்டி ஓட்டையைப் பற்றி: பேட்டரித் திரவத்தில் எடைக்கு மூன்றில் ஒரு பங்கு அளவு கந்தக அமிலம் இருக்கிறது. துணியில் தெறித்த துளியிலிருந்து தண்ணீர் ஆவியாகும், அமிலம் ஆவியாகாது. துளி காயக் காய அமிலம் கெட்டியாகி, பருத்தி இழையைக் கருக்கிவிடுகிறது. துவைக்கும்போது அந்த இழை உதிர்ந்து ஓட்டையாகத் தெரிகிறது. தோலிலும் கண்ணிலும் பட்டாலும் இதேதான் நடக்கும். ஆகவே தெறித்த உடனேயே கழுவ வேண்டும், எரியத் தொடங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் இமைகளை விரித்துப் பிடித்துக்கொண்டு குறைந்தது 15 முதல் 20 நிமிடம் கழுவ வேண்டும். அந்த நேரத்தில் வேறொருவர் 108க்கு அழைக்கட்டும், அல்லது கண் மருத்துவமனைக்குப் போக வண்டியை ஏற்பாடு செய்யட்டும். கழுவாமல் வண்டியில் ஏற்றுவது தவறு. தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது என்று நம் பக்கத்தில் பழக்கங்கள் உண்டு. அன்போடு செய்வதுதான், ஆனால் இங்கே அவை கேடு செய்யும். சோடா நீரைக் கண்ணிலும் தோலிலும் ஊற்றவும் கூடாது. அவற்றுக்குத் தண்ணீர்தான் மருந்து. தரையில் கொட்டியதற்குத்தான் சோடா. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 100 கிராம் ஆப்ப சோடா என்ற கணக்கில் கரைத்து மெதுவாக ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வரும். நுரை அடங்கும்வரை ஊற்றிப் பிறகு கழுவிவிடலாம். கொட்டியதைச் சாக்காலோ மரத்தூளாலோ ஒற்றி எடுக்க வேண்டாம், மணல் போட்டு அணை கட்டுங்கள்.

ஆசிட்டையோ பேட்டரித் தண்ணீரையோ குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பதை எங்கேனும் கண்டால் உடனே அகற்றுங்கள். இரண்டும் நிறமற்றவை, பார்த்தால் வேறுபாடு தெரியாது. மூன்று வயதுக் குழந்தைக்கு அது தண்ணீர் பாட்டில்தான்.

கட்டுத்தரைக்குப் பின்னால் கிடக்கும் பேட்டரியைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். அதன் எடையில் பாதிக்கு மேல் காரீயம். ரசம் வைக்கும் ஈயச் சொம்போடு சிலர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். சொம்பில் இருப்பது வெள்ளீயம், பேட்டரியில் இருப்பது நஞ்சான காரீயம். ஆசிட்டை நிலத்தில் கொட்டினால், கரைந்தும் துகளாகவும் காரீயம் அதோடு சேர்ந்து போய் மேல் மண்ணில் தங்கிவிடும். மக்கும் பொருள் அல்ல என்பதால் அங்கேயே கிடக்கும். அந்த மண்ணில் விளையாடிவிட்டு விரலை வாயில் வைக்கும் குழந்தையின் உடலுக்குள் அது போகிறது. வயிற்றுக்குள் போன காரீயத்தில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சிறு குழந்தைகளின் உடல் ஈர்த்துக்கொள்ளும். இந்த அளவு வரை தீங்கில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் காரீயத்துக்கு இல்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. பாதிக்கப்படுவது மூளை வளர்ச்சி. கட்டுத்தரைத் தண்ணீரும் சாணமும் போகிற இடம் உங்கள் நிலம்தான், அங்கே மேய்வதும் உங்கள் மாடுதான்.

ஆகவே ஒரு சொட்டும் கொட்டாமல், மூடியைத் திறக்காமல், நிமிர்ந்த நிலையிலேயே பேட்டரி விற்பனையாளரிடம் கொடுத்துவிடுங்கள். பழைய பேட்டரிக்கு அவர்கள் விலை கழித்துத் தருவார்கள். 2001ஆம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்தியவரும் பழைய பேட்டரியை மற்றக் குப்பையோடு சேர்க்காமல் முறையான சேகரிப்பாளரிடமோ மறுசுழற்சியாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஆசிட்டைக் கொட்டச் சொல்லும் வியாபாரியிடம் கொடுத்தால், அது கடைசியில் எங்கேனும் ஒரு கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டி உருக்கப்படும். காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், விறகு அடுப்பே போதும் என்பதால்தான் அந்தத் தொழில் இவ்வளவு எளிதாக நடக்கிறது. அந்தப் புகையைச் சுவாசிக்கிறவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு.

பதில் 3: கோழிப்பண்ணை, பல்லடம்

கோபி அண்ணன் என்னைக் குறிப்பிட்டிருப்பதால் எழுதுகிறேன். தீக்குச்சி கிழித்தது நான் அல்ல, பண்ணையில் அப்போது வேலை பார்த்தவர். என்னுடையது வேறு.

கோழிக் கொட்டகைக்கு ஜெனரேட்டர் இருக்கிறது. கோடையில் கரண்ட் போய்ச் சிறிது நேரம் காற்றாடிகள் நின்றாலும் கறிக்கோழிகள் தாங்காது, அதனால் ஜெனரேட்டர் உடனே கிளம்பியாக வேண்டும். ஒரு நாள் பின்மதியம் அது கிளம்பவில்லை. பேட்டரி இரவு முழுவதும் சார்ஜரில் இருந்தது. கிளாம்ப் இலேசாக ஆடியதைப் பார்த்தேன். சார்ஜரை நிறுத்தாமலேயே கிளாம்பைக் கையால் அழுத்தி ஒரு திருகு திருகினேன். நீலமாக ஒரு பொறி, அதோடு துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். மேல் மூடி இரண்டாகப் பிளந்து ஒரு பாதி தகரக் கூரையில் போய் அடித்தது. முகத்தில், கழுத்தில், சட்டையில் எல்லாம் ஆசிட். நான் பார்வைக்காகக் கண்ணாடி போடுகிறவன், அன்று அந்தக் கண்ணாடிதான் கண்ணைக் காத்தது. அதில் விழுந்த புள்ளிகள் கண்ணுக்கு நேராகவே இருந்தன. கோழிகளுக்குத் தண்ணீர் போகும் குழாய் பக்கத்திலேயே இருந்ததால் தலையை அப்படியே அதன் கீழ் நீட்டிவிட்டேன். சட்டையைக் கழற்ற மறந்தேன், அதனால் தோள்பட்டையில் மட்டும் வெந்துவிட்டது.

அவசரம்தான் காரணம். கோழி செத்துவிடுமே என்ற பதற்றத்தில் சார்ஜரை நிறுத்தும் அரை நிமிடத்தை மிச்சம் பிடித்தேன். இப்போது பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரும், ஆணியில் தொங்கும் பக்கமும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியும், ரப்பர் கையுறையும் எப்போதும் இருக்கின்றன. கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்தால் யாரும் எடுத்துப் போடுவதில்லை, ஆணியில் மாட்டினால் போடுகிறார்கள்.

இன்னொன்று, வண்டிக்கு வண்டி கேபிள் போட்டுக் கிளப்புகிறவர்களுக்கு. கடைசிக் கிளிப்பை, கிளப்ப வேண்டிய வண்டியின் பேட்டரி நெகட்டிவில் மாட்டாமல், பேட்டரியிலிருந்து தள்ளி என்ஜினின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியில் மாட்டுங்கள். பொறி பறந்தாலும் பேட்டரியின் தலைக்கு அருகில் பறக்காது.

பதில் 4: பராமரிப்புப் பிரிவு, பனியன் கம்பெனி (திருப்பூர்)

ஷாக் அடிக்காது என்று மேலே சொன்னது ஒன்றிரண்டு பேட்டரிகளுக்குத்தான் பொருந்தும் என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் அலுவலக யூபிஎஸ்ஸில் 20 பேட்டரிகள் தொடராக இருக்கின்றன, மொத்தம் 240 வோல்ட் டிசி. பார்வைக்கு வீட்டு பேட்டரி போலவே இருக்கும், தொட்டால் ஆளை விடாது. பிரேக்கரை இறக்கினாலும் பேட்டரி வரிசைக்குள் அந்த வோல்ட் அப்படியே நிற்கும், ஏனென்றால் பேட்டரியை யாராலும் 'ஆஃப்' செய்ய முடியாது. வீட்டில் பழகிய கையோடு யாரும் அதைத் தொட வேண்டாம்.

சீல் செய்த, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத பேட்டரி என்றால் வாயுவே வராது என்பதும் சரியல்ல. அளவு மீறிச் சார்ஜ் ஏறினால் அதன் வால்வு திறந்து வெளியே விடத்தான் செய்யும். சகோதரி, உங்கள் இன்வெர்ட்டருக்கும் பேட்டரிக்கும் நடுவே, பாசிட்டிவ் டெர்மினலுக்கு நெருக்கமாக ஒரு பியூஸ் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளில் மாட்டித் தருவதே இல்லை. எலி கடித்து அந்த வயர் ஷார்ட் ஆனால் நிறுத்துவதற்கு வேறு எதுவும் கிடையாது.

கேட்டவர்: சாளைக்காரி (காங்கேயம் பக்கம்)

எழுதிய அனைவருக்கும் நன்றி. ஐயா போட்ட கணக்கை மாமனாரிடம் படித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்க் கைத்தடியால் அந்த அறையை அளந்து பார்த்தார். உங்கள் 1,250 லிட்டரைவிட எங்கள் அறை சிறியது. அன்று மாலையே அத்தை தீபத்தை வாசல் திண்ணை மாடத்துக்கு மாற்றிவிட்டார். கதவையும் கழற்றி எடுத்தாகிவிட்டது.

கட்டுத்தரைக்குப் பின்னால் கிடந்ததைக் காங்கேயத்தில் பேட்டரி விற்கும் கடையிலிருந்து ஆள் அனுப்பி, பிளாஸ்டிக் தட்டில் நிமிர்த்தி வைத்து எடுத்துப் போனார்கள், ரசீதும் கொடுத்தார்கள். அது இருந்த இடத்தில் மண் வெளுத்திருக்கிறது, சுற்றிலும் ஒரு முழத்துக்குப் புல் முளைக்கவில்லை. அந்த மண்ணை என்ன செய்வது என்று தெரியவில்லை.

வந்தவரே ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்த்தார். பழைய பேட்டரியில் ஐந்து அறைகள் 1.230க்கும் 1.250க்கும் நடுவே இருந்தன, மூன்றாவது அறை மட்டும் 1.110. புதியதில் ஆறும் 1.240ஐ ஒட்டியே இருக்கின்றன, ஆனால் தண்ணீர் கீழ்க் கோட்டுக்கும் கீழே போயிருக்கிறது. பியூஸ் இல்லை. ஓராண்டு ஆன பேட்டரியை வைத்துக்கொண்டு இன்னொன்று மட்டும் வாங்கினால் போதுமா என்று மாமனார் கேட்கிறார்.

பதில் 2இல் எழுதியவர் (ஈரோடு)

புல் முளைக்காத அந்த இடத்தில் பிள்ளைகளும் மாடும் போகாதபடி இன்றே படல் கட்டுங்கள், அம்மா. மண்ணைக் கொத்தவோ பெருக்கவோ வேண்டாம், தூசி எழும். நீர் தெளித்து ஈரமாக்கி, தார்ப்பாய் போட்டு மூடி, ஓரங்களில் கல் வைத்துவிடுங்கள். மழை நீர் அதன் வழியே ஓடிக் கிணற்றுப் பக்கம் போகாமல் ஒரு வரப்பும் போடுங்கள். அந்த மண்ணை அகற்றுவது பற்றி மாவட்டத்தில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். குழந்தைகள் அங்கே அடிக்கடி விளையாடியிருந்தால், இரத்தத்தில் காரீய அளவு பார்க்க வேண்டுமா என்று குழந்தை மருத்துவரிடம் ஒரு முறை கேட்டுவிடுங்கள். 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்தால் காரீயம் எங்கிருந்து வருகிறது என்று கண்டறிந்து தடுக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருக்கிறது.

பதில் 1இல் எழுதியவர் (கோபி)

மூன்றாவது அறை செத்துவிட்டது, அம்மிணி. மற்ற அறைகளுக்கும் அதற்கும் 0.05க்கு மேல் வித்தியாசம் வந்தாலே அந்த பேட்டரியை நம்பக் கூடாது, உங்களுடையதில் 0.12க்கு மேல் இருக்கிறது. அதற்கு வைத்தியம் இல்லை, விற்கிற பவுடரையும் திரவத்தையும் வாங்கி ஊற்றிப் பணத்தை விட வேண்டாம்.

ஓராண்டு ஆனதைப் பற்றிய மாமனார் கேள்வி நியாயமானது, ஆனால் அது அந்த இரவு மட்டும் வெந்திருக்காது. மூன்றாவது அறை எப்போது செத்ததோ அன்றிலிருந்து ஒவ்வொரு சார்ஜிலும் வெந்துகொண்டுதான் இருந்திருக்கும், தண்ணீர் அவ்வளவு வற்றியிருப்பதே அடையாளம். முதலில் அதற்கு மட்டும் தகடு மூழ்கத் தண்ணீர் ஊற்றி, கடையில் தனியாகச் சார்ஜ் போட்டு, லோடு வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். தேறிவிட்டாலும் புதியதோடு ஜோடி சேர்க்காமல், ஒரே பேட்டரியில் ஓடும் சிறிய 12 வோல்ட் இன்வெர்ட்டருக்குத் தனியாக வைத்துக்கொள்ளலாம்; மோட்டார் ரூம் விளக்குக்கும் தாழ்வாரக் காற்றாடிக்கும் அது தாங்கும். இப்போதுள்ள 24 வோல்ட் இன்வெர்ட்டருக்கு ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே மாதத் தயாரிப்பாக இரண்டும் புதிதாக வாங்குங்கள். பொருத்த வருகிறவர் பியூஸ் மாட்டாமல் போனால் கையெழுத்துப் போடாதீர்கள்.

சித்திரை, வைகாசி வெயிலில் இருபது நாளுக்கு ஒரு முறையும் மற்ற மாதங்களில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையும் மிதவையைப் பாருங்கள். உப்பியிருக்கும் பழையதை எடுக்கும்போது இரண்டு பேர் வரட்டும், அடியில் கை கொடுத்துத் தூக்கட்டும். உப்பிய பெட்டி கைப்பிடியோடு பிய்ந்து வரும். மாமனாரைத் தூக்க விடாதீர்கள்.